விருது பெற்ற விளையாட்டு: சிவப்புக் காயா, சாம்பல் காயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் வீட்டோடு விளையாட என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'உலக விருது பெற்ற போர்டு கேம்கள்' பட்டியலைப் பார்த்துவிட்டுப் பலர் கடைக்குக் கிளம்பியிருப்பார்கள். கிளம்புமுன் அதில் திருத்த வேண்டியவை சில உண்டு. ஆறு வயதுக் குழந்தைக்கு விங்ஸ்பேன் வாங்கச் சொல்லியிருக்கிறீர்கள். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிற வீட்டுக்குக் கட்டான் என்றிருக்கிறீர்கள். கோட்நேம்ஸ் பெட்டியில் இருப்பவை முழுக்க ஆங்கிலச் சொற்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மூன்றும் அருமையான ஆட்டங்கள்தான். ஆனால் ஆள் மாறிப் போய்ச் சேர்ந்த ஆட்டம் இரண்டாம் நாளே பரண் ஏறிவிடும்.

முதலில் அந்த விருது. நீங்கள் உலக விருது என்று எழுதியிருப்பது ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டுதோறும் தரப்படும் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்'. 'ஆண்டின் விளையாட்டு' என்று பொருள். விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிற விமர்சகர்கள் கூடித் தேர்ந்தெடுப்பது அது. தயாரிப்பாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அந்தக் குழுவில் இடமில்லை. ஜெர்மன் மொழியில் அண்மையில் வெளியானவற்றை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். பரிசுப் பணம் என்று ஒரு காசு கிடையாது. வென்ற ஆட்டத்தின் நிறுவனம் விருது முத்திரையைப் பெட்டிமேல் அச்சிட எதிர்மாறாகக் குழுவுக்கு உரிமத்தொகை கட்டுகிறது. முத்திரை விழுந்தால் விற்பனை எகிறும் என்பதால் யாரும் முணுமுணுப்பதில்லை.

முத்திரையில் ஒரு காயின் உருவம் இருக்கும். அதன் நிறத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிவப்புக் காய் என்றால் குடும்பத்துக்கான முதன்மை விருது. நீலக் காய் சிறுவர் விளையாட்டு. 2001 முதல் தனி விருதாகத் தருகிறார்கள். கரும்சாம்பல் நிறக் காய் 'கென்னர்ஷ்பீல்', அதாவது ஆட்டங்களில் ஏற்கெனவே கை பழகியவர்களுக்கானது, 2011-இல் தொடங்கியது. விங்ஸ்பேன் 2019-இல் வாங்கியது இந்தச் சாம்பல் காயைத்தான். அதே ஆண்டு சிவப்புக் காயை வாங்கியது ஜஸ்ட் ஒன். பட்டியலில் இரண்டும் ஒரே வரிசையில், நிறம் குறிப்பிடப்படாமல் இருந்ததுதான் கோளாறு. வென்றவற்றுக்கு மட்டுமன்றி இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றுக்கும் முத்திரை உண்டு. 2009-இல் பேண்டமிக், 2014-இல் ஸ்ப்ளெண்டர் எல்லாம் அப்படி இறுதிவரை வந்து நின்றவை. அவற்றை ஆடிப் பார்த்த எவரும் இரண்டாந்தரம் என்று சொல்லமாட்டார்கள்.

விருதுக் குழு பார்க்கிற அளவுகோல்களில் ஒன்று, விதிப்புத்தகம் தெளிவாக இருக்கிறதா என்பது. சிவப்புக் காய் வாங்கிய ஆட்டம் ஒரு வீட்டில் எடுபடவில்லை என்றால், பெரும்பாலும் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை என்றுதான் பொருள். அரைகுறையாகக் கேட்டதை ஒருவர் சொல்ல, அதையே மற்றவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் ஆண்டு வென்றதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்துக்காரர் டேவிட் பார்லெட் அமைத்த 'முயலும் ஆமையும்'. ஓட்டப்பந்தயம், ஆனால் பகடையே கிடையாது. ஓடுவதற்குக் கேரட்டைச் செலவழிக்க வேண்டும். ஒரு கட்டம் நகர 1 கேரட், இரண்டு கட்டத்துக்கு 3, மூன்றுக்கு 6, நான்குக்கு 10, பத்துக் கட்டம் ஒரே தாவாகத் தாவினால் 55. பின்னால் இருக்கிற ஆமைக் கட்டத்துக்குத் திரும்பிப் போனால் கட்டத்துக்குப் பத்துக் கேரட் கிடைக்கும். எல்லைக்கோட்டை முதலில் தாண்டுகிறவர் கையில் பத்துக் கேரட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. தாயம் விழாமல் பரமபதப் பலகைமுன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதில் உள்ள சுகம் உடனே புரியும்: இங்கே பின்தங்கினால் அது நீங்களே போட்ட கணக்கு.

இனி வீட்டு ஆட்டங்கள். எட்டு வயதுக் குழந்தையும் தாத்தாவும் சேர்ந்து உட்காருகிற வீடு என்றால் கிங்டொமினோவில் (2017; அடைப்புக்குள் இருப்பது விருது ஆண்டு) தொடங்கலாம். 48 டொமினோக்கள் (இரண்டு கட்டம் ஒட்டிய துண்டுகள்), கால் மணி நேரம். எழுத்தே கிடையாது என்பதால் மொழிச் சிக்கல் இல்லை. கோட்டையைச் சுற்றி ஐந்துக்கு ஐந்து கட்டத்துக்குள் நிலங்களை அடுக்க வேண்டும்; ஒட்டியிருக்கும் ஒரே வகை நிலத்தின் கட்ட எண்ணிக்கையை அதிலுள்ள கிரீட எண்ணிக்கையால் பெருக்கினால் மதிப்பெண். முதல் தடவை ஆடுகிறவர்கள் மறப்பது, பெருக்கல் என்றால் பூஜ்யமும் உண்டு என்பதை. ஒன்பது கட்டம் கோதுமை வயல் வைத்திருந்தாலும் கிரீடம் ஒன்றுகூட இல்லையென்றால் பூஜ்யம்தான். இன்னொன்று: மூன்று பேர் ஆடினால் 36, இருவர் ஆடினால் 24 டொமினோ மட்டும் எடுக்க வேண்டும். முழுக் கட்டையும் வைத்துக்கொண்டு 'ஏன் முடியவே மாட்டேன் என்கிறது' என்று கேட்பவர்கள் உண்டு.

அசூலும் (2018) எழுத்தில்லாதது. போர்த்துகலின் நீல ஓட்டுச் சித்திரங்களை வைத்துச் செய்தது. ஐந்து வண்ணத்தில் வண்ணத்துக்கு 20 வீதம் 100 ஓடுகள். இருவர் ஆடினால் 5 வட்டத் தட்டு, மூவருக்கு 7, நால்வருக்கு 9. தட்டுக்கு நான்கு ஓடு. ஒரு தட்டிலிருந்து ஒரு வண்ணத்தை முழுக்க எடுத்துத் தன் பலகையின் ஒரு வரிசையில் அடுக்கி, மிச்சத்தை நடுவில் தள்ள வேண்டும். தவறு நடப்பது சுற்று முடிவில். நிரம்பிய வரிசையிலிருந்து ஓர் ஓடு மட்டுமே பலகையிலுள்ள சுவர்க் கட்டத்துக்குப் போகும், மற்றவை பெட்டி மூடிக்குள். நிரம்பாத வரிசை அப்படியே அடுத்த சுற்றுக்கு நிற்கும். பலர் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறார்கள். அப்படி ஆடினால் ஐந்து ஓடு கேட்கும் கடைசி வரிசையை யாரும் தொடவே மாட்டார்கள், ஆட்டமும் சப்பென்று போய்விடும். இடமில்லாமல் கீழே விழும் ஓடுகளுக்கு அபராதம் 1, 1, 2, 2, 2, 3, 3 என்று ஏறிக்கொண்டே போகும். அடுத்தவர் தலையில் ஆறு ஓட்டைக் கட்டிவிடுவதுதான் பெரியவர்கள் ஆடுகிற அசூல். குழந்தைகளோடு அதை ஆட வேண்டாம்.

கட்டானுக்கு (1995, அமைத்தவர் கிளாவுஸ் டாய்பர்) வருகிறேன். பெட்டியிலேயே மூன்று அல்லது நான்கு பேர் என்று போட்டிருக்கிறது. தீவில் வீடு கட்டிச் சரக்குச் சேர்த்து, பத்து வெற்றிப் புள்ளியை முதலில் எட்டுகிற ஆட்டம் அது; பண்டமாற்றுதான் அதன் உயிர். இருவர் மட்டும் ஆடினால் ஒருவருக்கு லாபம் என்பது மற்றவருக்கு நஷ்டம், யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். பலகை 19 அறுகோணத் துண்டுகள்: மரம் 4, ஆடு 4, கோதுமை 4, செங்கல் 3, தாது 3, பாலைவனம் 1. எண் வட்டுகள் 18. முதல் ஆட்டத்துக்குப் புத்தகத்தில் வரைந்திருக்கிற அமைப்பையே வையுங்கள். இஷ்டத்துக்குக் கலைத்துப் போடுவதானால் சிவப்பு எண்களான 6, 8 அடுத்தடுத்து வரக்கூடாது. வட்டுகளின் பின்னாலுள்ள எழுத்து வரிசைப்படி ஓரத்திலிருந்து சுழித்து உள்ளே வைத்தால் அந்தத் தொல்லை தானாகத் தீரும்.

எண்ணுக்குக் கீழே இருக்கிற புள்ளிகள் அலங்காரமல்ல. இரண்டு பகடையில் விழக்கூடிய 36 விதங்களில் அந்த எண் எத்தனை விதத்தில் விழும் என்பதையே அவை காட்டுகின்றன. 6-க்கும் 8-க்கும் ஐந்து, 2-க்கும் 12-க்கும் ஒன்று. ஒரு முனையில் வீடு வைத்தால் அதைத் தொடும் மூன்று துண்டுகளின் புள்ளிகளைக் கூட்டுங்கள். 12 வந்தால் சராசரியாக மூன்று உருட்டுக்கு ஒரு சரக்கு. பத்துக்குக் கீழே போனால் மற்றவர்கள் கட்டுவதை வேடிக்கை பார்க்கத்தான் நேரமிருக்கும். தொடக்கத்தில் இரண்டு வீடு வைக்கிறோம் அல்லவா, இரண்டாவது வீடு வைக்கும்போது வரிசை தலைகீழாகும்: கடைசியில் வைத்தவர் உடனே தன் இரண்டாவதை வைப்பார். கைச்சரக்கு கிடைப்பதும் இரண்டாவது வீட்டுக்கு மட்டுமே. இந்த ஒன்றைத் தவறவிட்டால் முதலில் தொடங்கியவருக்கு இரட்டை லாபம்.

இதில் நடக்கிற தகராறுகள் பெரும்பாலும் மூன்றே விதிகளைச் சுற்றித்தான். பகடை உருட்டியவரோடு மட்டுமே மற்றவர்கள் பண்டம் மாற்றலாம். காத்திருக்கும் இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளக்கூடாது. 7 விழுந்தால் கையில் ஏழுக்கு மேல் சீட்டு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், உருட்டியவர் உட்பட, பாதியைக் கழிக்க வேண்டும். ஒன்பது வைத்திருந்தால் நான்கு. வளர்ச்சிச் சீட்டை (சரக்குக் கொடுத்து வாங்கும் சிறப்புச் சீட்டு) வாங்கிய அதே ஆட்டமுறையில் பயன்படுத்தக்கூடாது, அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவே பத்தாவது வெற்றிப் புள்ளியாக இருந்தால் மட்டும் காட்டி வெல்லலாம். 25 வளர்ச்சிச் சீட்டில் 14 வீரர்கள், 5 வெற்றிப் புள்ளிகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் புள்ளியில் அமைதியாக உட்கார்ந்திருப்பவர் அப்பாவி இல்லை.

ஊர்களை ரயில் தடத்தால் இணைக்கும் டிக்கெட் டு ரைடு (2004) கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஒருவருக்கு 45 ரயில் பெட்டிகள்; 110 சீட்டில் எட்டு வண்ணத்துக்குப் பன்னிரண்டும், எதற்கும் பொருந்தும் எஞ்சின் 14-ம். தடத்தின் நீளத்துக்கு மதிப்பெண் 1, 2, 4, 7, 10, 15 என்று ஏறுகிறது. ஆறு ஒற்றைத் தடம் போட்டால் 6, ஒரே ஆறு பெட்டித் தடம் போட்டால் 15. வண்ணம் சேரும்வரை பொறுமையாக இருந்தவருக்குக் கிடைக்கும் கூலி அது. திறந்திருக்கும் ஐந்து சீட்டில் எஞ்சினை எடுத்தால் அந்த முறைக்கு அது ஒன்றுதான். இரட்டைத் தடங்களில் இருவர், மூவர் ஆட்டத்தில் ஒன்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இதை விட்டுவிட்டால் வழிமறிக்கும் சுவையே இராது. இந்தியப் படம் கொண்ட ஒரு பெட்டி 2011-இல் வந்தது, பின்பக்கம் சுவிட்சர்லாந்து. ஆசையாக அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் ரயில்களும் வண்ணச் சீட்டுகளும் கிடையாது, மூல ஆட்டம் கையில் இருந்தால்தான் ஆட முடியும்.

நிலத்துண்டுகளை ஒட்டவைத்து நகரமும் வயலும் அமைக்கும் கார்கசோனில் (2001) ஒரே ஓர் எச்சரிக்கை. பழைய பதிப்பில் இரண்டு துண்டுச் சிறு நகரத்துக்கு 2 மதிப்பெண், இப்போதைய பதிப்பில் 4. வயல் கணக்கும் மாறியிருக்கிறது. இணையத்தில் பார்த்ததும் பெட்டியில் இருப்பதும் முரண்பட்டால் பெட்டியில் உள்ள புத்தகமே தீர்ப்பு. முதல் இரண்டு ஆட்டத்துக்கு வயலில் ஆள் படுக்கவைப்பதை விட்டுவிடுங்கள், கெட்டுப்போகாது.

சொல் ஆட்டங்கள்தான் நம் வீடுகளில் பணத்தை வீணாக்குபவை. கோட்நேம்ஸ் (2016, விளாடா ஹ்வாட்டில்) பெட்டியை வாங்கிவந்து, ஆங்கிலச் சொல்லின் பொருளைப் பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்லி ஆடுவதைப் போன்ற சோகம் வேறில்லை. ஆட்டத்தின் சாரம் சொல்லின் இரட்டைப் பொருளில் இருக்கிறது, அதை மொழிபெயர்க்க முடியாது. ஆனால் தமிழில் நாமே செய்துகொள்ளலாம், பெட்டியே தேவையில்லை.

சார்ட் அட்டையை ஏழுக்கு நாலரை சென்டிமீட்டர் அளவில் நூறு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொல் எழுதினால் 200 சொல். மேசையின் இருபுறமும் ஆட்கள் இருப்பதால் ஒரே சொல்லை நேராகவும் தலைகீழாகவும் இருமுறை எழுத வேண்டும். பெயர்ச்சொல்லாகவே இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்காவது இரண்டு பொருள் தரவேண்டும். அதற்குத் தமிழில் பஞ்சமா? மாலை, திங்கள், படி, ஆறு, நூல், கொடி, முடி, ஓடு, அடி, மெய், விடை, வேங்கை, அன்னம், சீப்பு, தார், கன்று. 'பள்ளி', 'பள்ளிக்கூடம்' இரண்டையும் எழுதிவிடாதீர்கள். ஒரே நாளில் இரண்டும் மேசைக்கு வந்து மானத்தை வாங்கும்.

25 சொல்லை ஐந்துக்கு ஐந்தாகப் பரப்புங்கள். தலைவர் தரும் குறிப்பை வைத்துத் தன் ஒற்றர் சொற்களை முதலில் கண்டுபிடிக்கும் அணி வெல்லும்; கொலையாளிச் சொல்லைத் தொட்ட அணி தோற்கும். முதலில் ஆடும் அணிக்கு 9 ஒற்றர், அடுத்த அணிக்கு 8, யாருக்கும் சேராத அப்பாவிகள் 7, கொலையாளி 1. எந்தச் சொல் யாருடையது என்று இரண்டு அணித் தலைவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். இதற்குச் சாதாரணச் சீட்டுக்கட்டு போதும். சிவப்புச் சீட்டு ஒன்பது, கறுப்புச் சீட்டு எட்டு, ஜோக்கர் ஒன்று. இவற்றோடு ஏழு வெற்று அட்டைத் துண்டையும் சேர்த்துக் கலைத்து, தலைவர்கள் இருவரும் ஒரு பெட்டி மூடியின் மறைவில் ஐந்துக்கு ஐந்தாக அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். சொல் பரப்பிய திசையும் சீட்டு அடுக்கிய திசையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைவர்கள் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் குழப்பம் வராது.

தலைவர் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டும் சொல்லலாம். 'வாழை, 3' என்றால் சீப்பு, தார், கன்று மூன்றையும் தொட்டுவிடலாம். ஆனால் கொலையாளிச் சீட்டு 'இலை'மேல் இருந்தால் அந்தக் குறிப்பு தற்கொலை. அணி முதலில் கை வைப்பது அங்கேதான். சொன்ன எண்ணைவிட ஒன்று கூடுதலாக ஊகிக்கலாம். முந்தைய குறிப்பில் விட்டுப்போனதை எடுக்கத்தான் அந்தச் சலுகை.

தமிழில் ஆடும்போது முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை சில. மேசையில் திறந்திருக்கும் சொல்லின் எந்த வடிவத்தையும் குறிப்பாகச் சொல்லக்கூடாது: 'மரம்' இருந்தால் மரத்தில், மரங்கள், மாமரம் எல்லாம் தப்பு. 'தேன்' கண்டுபிடிக்கப்பட்டு மூடப்பட்ட பிறகு 'தேன்கூடு' சொல்லலாம். குறிப்பு பொருளைத்தான் சுட்ட வேண்டும், ஒலியை அல்ல. எதுகை மோனையில் ஊறிய நமக்கு இது கஷ்டம். 'கடல்' என்று சொல்லி 'மடல்', 'உடல்' இரண்டையும் எடுக்கவைப்பது விதிப்படி செல்லாது. பஸ், காபி போலத் தமிழ் வாக்கியத்தில் இயல்பாகப் புழங்கும் ஆங்கிலச் சொல்லைக் குறிப்பாக ஏற்கலாம், மற்றவை வேண்டாம். தலைவர் முகத்தைக் கல்லாக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். அதை யாரும் கடைப்பிடிப்பதில்லை.

ஜஸ்ட் ஒன் இன்னும் எளிது: பேனாவும் துண்டுக் காகிதமும். மூன்று முதல் ஏழு பேர், எல்லாரும் ஒரே கட்சி. ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர்கள் அவர் கண்டுபிடிக்க வேண்டிய, ஒளிந்திருக்கும் சொல்லுக்கு ஆளுக்கு ஒரு குறிப்பு எழுதுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே குறிப்பு இரண்டு வந்தால் இரண்டையும் அழித்துவிட வேண்டும். சொல் 'கடல்' என்றால் அலை, உப்பு என்று ஐந்து பேரும் எழுதி ஐந்தும் அழிந்துபோவதுதான் முதல் ஆட்டத்தில் நடக்கும். 'மீன்', 'மீனவர்' போன்ற ஒரே குடும்பச் சொற்களும் ஒன்றாகவே கருதப்படும். ஒளிந்திருக்கும் சொல்லையே வேறு மொழியில் எழுதுவதும் செல்லாது. சொல் 'பேருந்து' என்றால் 'பஸ்' எழுதக்கூடாது. நம் பேச்சில் பாதி ஆங்கிலம் என்பதால் இந்த விதியைச் சத்தம் போட்டு முதலிலேயே படித்துவிடுவது நல்லது. மூவர் மட்டும் ஆடினால் குறிப்பு எழுதும் இருவரும் ஆளுக்கு இரண்டு குறிப்பு எழுத வேண்டும். மொத்தம் 13 சொல். தவறாகச் சொன்னால் அந்தச் சொல்லோடு அடுத்ததும் போகும், தெரியவில்லை என்று விட்டுவிட்டால் அந்த ஒன்று மட்டும்.

சீட்டைக் கண்டாலே முகம் சுளிக்கிற வீடுகள் நம்மிடம் உண்டு. பந்தயம் வைத்து ஆடிக் கெட்டவர்களின் நினைவு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஹனாபி (2013, அந்துவான் போசா) பந்தயம் கட்ட முடியாத சீட்டாட்டம். எல்லாரும் சேர்ந்து ஜெயிப்பார்கள் அல்லது சேர்ந்து தோற்பார்கள். ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கை என்று பொருள். நம் சீட்டை நாம் பார்க்காமல் முகம் வெளியே தெரியும்படி பிடிக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்துக் குறிப்புச் சொல்வார்கள். ஐந்து வண்ணம், வண்ணத்துக்குப் பத்துச் சீட்டு: 1 மூன்று, 2, 3, 4 இரண்டிரண்டு, 5 ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வண்ணத்தையும் ஒன்றிலிருந்து ஐந்துவரை வரிசையாக இறக்கினால் முழு மதிப்பெண் 25.

வாங்குமுன் ஆடிப்பார்க்க இரண்டு சாதாரணச் சீட்டுக்கட்டு போதும். ஒவ்வோர் இனத்திலும் ஏஸ் இரண்டு, மூன்றாவது ஏஸாக ராஜா ஒன்று, 2, 3, 4 இரண்டிரண்டு, 5 ஒன்று. நான்கு இனத்துக்கு 40 சீட்டு, முழு மதிப்பெண் 20. குறிப்புக்கு எட்டுப் புளியங்கொட்டை, தவறுக்கு மூன்று சோழி. இரண்டு, மூன்று பேர் என்றால் கைக்கு ஐந்து சீட்டு. நான்கு, ஐந்து பேர் என்றால் நான்கு. ஒரு குறிப்புக்கு ஒரு கொட்டை செலவு. ஒரு சீட்டைக் கழித்தால் ஒரு கொட்டை திரும்ப வரும். எட்டும் கையிருப்பில் இருக்கும்போது கழிக்க முடியாது.

குறிப்பு முழுமையாக இருக்க வேண்டும். 'இது ஆட்டின்' என்று ஒன்றை மட்டும் காட்டக்கூடாது. கையில் மூன்று ஆட்டின் இருந்தால் மூன்றையும் தொட்டுக் காட்ட வேண்டும். புதுச் சீட்டை எப்போதும் ஒரே ஓரத்தில் செருகிக்கொள்ளுங்கள், சொல்லப்போனால் இடது ஓரம். அப்போது குறிப்பே வராத பழைய சீட்டு வலது ஓரத்தில் நிற்கும். கழிக்க வேண்டியது அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஐந்து என்பது ஒன்றே என்பதால் அது வலது ஓரத்தை நெருங்கும்போது யாராவது ஒரு கொட்டை செலவழித்துக் காப்பாற்றியாக வேண்டும். இந்த ஒரு பழக்கமே பத்துப் பன்னிரண்டில் திணறுகிற வீட்டை மேலே கொண்டுவந்துவிடும். பெருமூச்சு, இருமல், 'யோசிச்சுப் பண்ணு' எல்லாமே கள்ளக்குறிப்புதான்.

யாழ்ப்பாணத்து 304, நம் தென்கோடியிலும் கேரளத்திலும் ஆடும் 28 என்ற சீட்டாட்டங்கள் பழகியவர்களுக்குத் தி க்ரூ (2020, தோமஸ் சிங்) கை மேல் வந்து உட்காரும். சாம்பல் காய் வாங்கியது, ஆனாலும் துருப்பு தெரிந்தவருக்குக் குடும்ப ஆட்டமே. நான்கு வண்ணத்தில் 1 முதல் 9 வரை 36 சீட்டு, துருப்பாக நான்கு ராக்கெட். 304-இல் ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று இனத்துக்கு 76 வரும். இங்கே சீட்டுக்கு மதிப்பே கிடையாது. குறிப்பிட்ட சீட்டைக் குறிப்பிட்ட ஆள் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கூட்டாளி பச்சை 3-ஐ எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் வேண்டுமென்றே தோற்க வேண்டும். எல்லாச் சுற்றையும் அள்ளிப் பழகிய கைக்கு இது முதலில் உறைக்காது. பேசக்கூடாது, ஒரு பணிக்கு ஒரே ஒரு முறை ஒரு சீட்டைத் திறந்து வைத்து, அது அந்த வண்ணத்தில் என் பெரியது, சிறியது, அல்லது ஒரே சீட்டு என்று வில்லையை வைத்துக் காட்டலாம். ராக்கெட்டை அப்படிக் காட்டக்கூடாது. மொத்தம் 50 பணிகள், படிப்படியாகக் கடினமாகும். மூவர் ஆடும்போது ஒருவருக்கு 14, மற்றவர்களுக்கு 13. கடைசியில் ஒரு சீட்டு மிஞ்சும், அது தவறில்லை.

இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கட்டானுக்குப் பதில் ஸ்கை டீம் என்று திருத்திக்கொள்ளலாம். 2024-இன் சிவப்புக் காய், இருவருக்காகவே அமைத்தது. விமானியும் துணை விமானியும் ஆளுக்கு நான்கு பகடை உருட்டி விமானத்தை இறக்க வேண்டும், உருட்டியபின் வாய் திறக்கக்கூடாது.

வாங்கும்போது போலிகளைக் கவனியுங்கள். அசூல், கோட்நேம்ஸ் போன்ற பிரபலமானவற்றுக்குப் போலி அச்சு உண்டு. படம் மங்கலாக இருப்பதைவிடப் பெரிய தொல்லை, சீட்டின் முதுகு நிறம் ஒன்றுக்கொன்று வேறுபடுவது. கவிழ்த்து வைத்த சீட்டு எது என்று தெரிந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பெட்டி வந்த அன்றே எண்ணிப் பாருங்கள். விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பாகங்களின் பட்டியல் இருக்கும். கடலோர ஊர்களில் சீட்டுகள் ஈரம் குடித்து வளையும். உறை போடுவதானால் அளவு பார்த்து வாங்க வேண்டும்: வழக்கமான சீட்டு 63.5-க்கு 88 மில்லிமீட்டர், கட்டான் சீட்டு 54-க்கு 80. சிலிக்கா பொட்டலம் இரண்டைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். பஜ்ஜி தின்ற கையை மட்டும் எந்த உறையும் தாங்காது.

ஆறு வயதுக் குழந்தைக்கு விங்ஸ்பேன் வாங்கிவிட்டவர்களுக்கு: பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பெரியவர்கள் ஆடுங்கள். 170 பறவைச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் சிறு வாசகம். நான்கு சுற்றில் ஆளுக்கு 8, 7, 6, 5 என்று மொத்தம் 26 முறைதான் கிடைக்கும். தொடக்கத்தில் ஐந்து பறவையும் ஐந்து தீனியும் தருவார்கள். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தீனியைத் திருப்பித் தர வேண்டும். வரிசையில் பறவையை வைக்க முட்டைச் செலவு 0, 1, 1, 2, 2. பழுப்பு நிற வாசகம் பறவையை வைக்கும்போது நடக்காது. அந்த வரிசையை இயக்கும்போது வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாக நடக்கும். இதைத்தான் அநேகமாக எல்லா வீட்டிலும் முதல் நாள் தவறாக ஆடுகிறார்கள்.

அடுத்த பட்டியல் வெளியிடும்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் காயின் நிறம், எத்தனை பேர், எத்தனை நிமிடம், பெட்டிக்குள் ஆங்கில எழுத்து உண்டா இல்லையா என்ற நான்கையும் ஒரு வரியில் போட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி